தச்சர் மகன் பாய்சொய்



ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டும் என்று மாணவர் சங்கச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்து கேட்டபோது, நான் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குக் கவிதை வராது. துணுக்கு எழுதவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மரவேலை செய்கிறார். அம்மா விசைத்தறி ஓட்டுகிறார். ஆனால் ஒரு மனிதரைப் பற்றி மட்டும் நான் எழுதியே ஆகவேண்டும். அவர் பெயரை நாம் எல்லோரும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் தப்பும் தவறுமாகப் படித்துச் சிரித்திருக்கிறோம். ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் பாய்சூயில்லே என்று நான் வாசித்ததற்கு வகுப்பே கைதட்டியது. இங்கே நான் பாய்சொய் என்றே எழுதுகிறேன். முழுப் பெயர் ழான் லெயோனார் மரி பாய்சொய். பிரெஞ்சுக்காரர். இறந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவரை நான் தேடிப்போனது பரீட்சைக்காக அல்ல, என் அப்பாவுக்காக.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கணக்கு

போன வருஷம் கார்த்திகை மாதம். பலகை தூக்கும்போது நெஞ்சைப் பிடித்து அமுக்குவது போல இருக்கிறது என்று அப்பா நாலைந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயுக் கோளாறு என்று இஞ்சிக் கஷாயம் குடித்துப் பார்த்தார். கேட்கவில்லை. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். ஆஞ்சியோ எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்களில் ஒன்றில், ஓர் இடத்தில், விட்டத்தில் 75 சதவீதம் அடைத்திருக்கிறது என்று டாக்டர் திரையில் காட்டினார்.

அன்று ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. குழாய் வழியே பாயும் திரவத்தின் அளவு, விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் பாய்வது பாதியாகாது, 16-இல் ஒரு பங்காகிவிடும். அப்பாவுக்கு விட்டம் கால்வாசி. கால்குலேட்டரைத் தட்டினேன். 256-இல் ஒரு பங்கு! எனக்குக் கை நடுங்கியது. அப்படியானால் இவர் எப்படி உயிரோடு இருக்கிறார்? எப்படி எழுந்து உட்கார்ந்து டீ கேட்கிறார்? ஒன்று டாக்டர் சொன்னது தப்பு, இல்லாவிட்டால் பாய்சொய் சொன்னது தப்பு என்று நினைத்தேன். இரண்டும் இல்லை, தப்பு என் கணக்கில்தான் என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில்தான் இந்த மனிதரை அறிந்துகொண்டேன்.

பாலிடெக்னிக்கை விட்டு வந்தவர்

பாய்சொய் 1797-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய அப்பா ஒரு தச்சர். இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

1815-ஆம் ஆண்டு அவர் சேர்ந்த கல்லூரியின் பெயரைக் கேட்டால் நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். எகோல் பாலிடெக்னிக்! நம் கல்லூரிகளுக்கெல்லாம் இருக்கும் அதே பெயர். மின்னோட்டத்தின் அலகுக்குத் தன் பெயரைத் தந்த ஆம்பியர் அங்கே பேராசிரியர். தச்சர் வீட்டுப் பையனுக்கு அது எப்பேர்ப்பட்ட இடம் என்று நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அவருக்கு அங்கே ஓர் ஆண்டுகூட முழுசாகக் கிடைக்கவில்லை. 1815 ஜூனில் வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றார். மறுபடி மன்னராட்சி வந்தது. மாணவர்கள் நெப்போலியன் பக்கம் சாய்ந்தவர்கள் என்ற சந்தேகத்தில், 1816 ஏப்ரலில் கல்லூரியிலிருந்த மாணவர்கள் அத்தனை பேரையும் அரசு வெளியேற்றியது. பாய்சொய்க்கு அப்போது வயது 18.

பின்னால் கல்லூரி மறுபடி திறந்தபோதும் அவர் திரும்பிப் போகவில்லை. மருத்துவம் படிக்கப் போனார். 1828-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் பாலிடெக்னிக்கில் கற்ற அளவு, அழுத்தம், கணக்கு எதையும் அவர் மறக்கவில்லை. மற்ற மருத்துவர்கள் நாடி பிடித்துப் பார்த்த இடத்தில் இவர் மானோமீட்டரை வைத்தார். கொஞ்ச நாள் படித்த பொறியியல் கடைசிவரை அவர் கூடவே வந்தது.

பாதரசமும் தவளையும்

ரத்த அழுத்தத்தை முதலில் அளந்தவர் பாய்சொய் அல்ல. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் நெட்டையான கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் அதில் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. இதை அவர் 1733-இல் புத்தகமாக வெளியிட்டார். ஆனால் இத்தனை பெரிய குழாயை வைத்துக்கொண்டு தினசரி சோதனை செய்ய முடியுமா? பாய்சொய் தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக அதைச் சின்னதாக்கினார். யு வடிவக் குழாயில் பாதரசத்தை ஊற்றினார். பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம், அதனால் அடிக்கணக்கில் ஏறியது அங்குலக்கணக்கில் அடங்கிவிட்டது. ரத்தம் உறைந்து குழாயை அடைக்காமலிருக்கப் பொட்டாசியம் கார்பனேட் கரைசலை நடுவே நிரப்பினார். நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் இருக்கிறதே, அதே மானோமீட்டர்தான்! இன்றைக்கும் டாக்டர் 120-க்கு 80 என்று சொன்னால் அது பாதரசத்தின் மில்லிமீட்டர் கணக்கு.

இந்தக் கருவியை வைத்து மிருகங்களில் அளந்தபோது அவருக்கு ஓர் ஆச்சரியம். இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய தமனியிலும், தள்ளியிருக்கும் சிறிய தமனியிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அப்படியானால் அழுத்தம் எங்கேதான் குறைகிறது? கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில்தான் குறையவேண்டும். எனவே அவர் நுண்ணோக்கியை எடுத்தார். உயிருள்ள தவளையின் மெல்லிய சவ்வில் ரத்தம் ஓடுவதைப் பார்த்தார். குழாயின் நடுவே ரத்த அணுக்கள் வேகமாக ஓடின. சுவரை ஒட்டித் தெளிவான ஒரு மெல்லிய படலம் ஏறக்குறைய அசையாமல் நின்றது.

நண்பர்களே, இந்த அசையாத படலத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கதை அங்கேதான் வந்து சேரப்போகிறது.

தலைமுடிக் கண்ணாடிக் குழாய்கள்

ரத்தம் வெளியே எடுத்தால் உறைந்துபோகும். ஆகவே பாய்சொய் காய்ச்சி வடித்த தண்ணீரையும் கண்ணாடிக் குழாயையும் வைத்துச் சோதனையில் இறங்கினார். குழாய்களின் விட்டம் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒன்றிரண்டு பங்கிலிருந்து ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டருக்குள். ஒவ்வொரு குழாயையும் நுண்ணோக்கியில் வைத்து விட்டம் அளந்தார். தண்ணீரில் ஒரு தூசி இருந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளும் என்று வடிகட்டினார். வெப்பநிலை மாறாமலிருக்கக் குழாயைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார். ஒரு கண்ணாடிக் குமிழில் இரண்டு கோடு போட்டு, மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்குத் தண்ணீர் இறங்க எத்தனை நேரம் என்று குறித்தார். நாம் ரெகார்டு நோட்டில் மூன்று ரீடிங் எடுத்துவிட்டு நான்காவதை உத்தேசமாகப் போடுகிறோம். அவர் ஆண்டுக்கணக்கில் ரீடிங் எடுத்தார்.

1838-இல் முதல் முடிவுகளைச் சொன்னார். 1840, 1841-ஆம் ஆண்டுகளில் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். முழுக் கட்டுரை 1846-இல்தான் அச்சானது. முடிவு இதுதான்: பாயும் அளவு அழுத்தத்துக்கு நேர்விகிதம், குழாயின் நீளத்துக்கு எதிர்விகிதம், விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதம். இதே காலத்தில் ஜெர்மனியில் ஹேகன் என்ற பொறியாளரும் 1839-இல் பித்தளைக் குழாய்களில் இதையொத்த முடிவைக் கண்டிருந்தார். அதனால்தான் நம் புத்தகத்தில் ஹேகன்-பாய்சொய் என்று இரண்டு பெயர். பாகுநிலையின் பழைய அலகுக்குப் பாய்ஸ் என்று பெயர் வந்ததும் இவரால்தான்.

1842-இல் மருத்துவக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. ஆனால் அறிவியல் கழகத்தில் இடம் கேட்டும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1869-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி பாரிஸிலேயே காலமானார்.

நான்காம் படியை நான் ஆஸ்பத்திரியிலேயே கண்ணால் பார்த்தேன். கையில் குத்தும் ஊசிக்குழாய்களில் நீலம், ரோஸ், பச்சை என்று நிறம் இருக்கிறது. நீலம் மெல்லியது, பச்சை தடித்தது. விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு அவசரமாக ரத்தம் ஏற்றவேண்டும் என்றால் நர்ஸ் தடித்த ஊசியைத் தேடுவதைப் பார்த்தேன். விட்டத்தில் சின்ன வித்தியாசம்தான். பாய்ச்சலில் அது பெரிய வித்தியாசம்.

என் கணக்கில் எங்கே தப்பு?

கல்லூரிக்குத் திரும்பியதும் எங்கள் பாட ஆசிரியரிடம் என் 256-ஐக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். பாய்சொய் விதி நீளம் முழுக்க ஒரே விட்டமுள்ள நேர்க்குழாய்க்கு. அப்பாவுக்கு அடைப்பு சில மில்லிமீட்டர் நீளம்தான். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான சின்னக் குழாய்கள் இருக்கின்றன. மேலே தடை வந்தால் கீழேயுள்ள குழாய்கள் விரிந்துகொடுத்து ஈடு செய்யும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த ஈடு போதும். பலகை தூக்கும்போது இதயம் கூடுதல் ரத்தம் கேட்கும், குழாய்கள் ஏற்கெனவே விரிந்துவிட்டதால் அதற்குமேல் விரிய இடமில்லை. அதுதான் வலி.

பாய்சொய் கையில் வைத்திருந்தது கண்ணாடிக் குழாய். அதற்கு உணர்ச்சி கிடையாது. நம் உடம்புக் குழாய்க்கு உணர்ச்சி உண்டு! இதை அவர் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நம் ரத்தக்குழாய்கள் எல்லாவற்றுக்கும் உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு விரிப்பு இருக்கிறது. அதற்கு எண்டோதீலியம் என்று பெயர். பாய்சொய் பார்த்த அந்த அசையாத படலத்துக்கு அடியில், சுவரில் இருப்பது இந்தச் செல்கள்தான். ரத்தம் இவற்றை இரண்டு விதமாகத் தொடுகிறது. ஒன்று அழுத்தம், ஆணி அடிப்பது போல நேராகக் குத்தும். இன்னொன்று உராய்வு இழுப்பு, இழைப்புளி பலகைமேல் போவது போல ஓடும் திசையில் இழுக்கும். நம் பாடத்தில் இதற்கு ஷியர் ஸ்ட்ரெஸ் என்று பெயர். 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது சுமார் 16,000 பாஸ்கல். தமனிச் சுவரில் இந்த இழுப்போ பொதுவாக 1 முதல் 2 பாஸ்கல்தான். மேஜைமேல் இரண்டு வெள்ளைத்தாளை வைத்தால் அது மேஜையை அழுத்தும் அளவு! ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கான இந்த இழுப்பைச் செல்கள் கண்டுபிடிக்கின்றன.

எப்படி? செல்லின் சவ்வில் சில புரதங்கள் சின்னக் கதவுகள் போல இருக்கின்றன. ரத்தம் இழுக்கும்போது சவ்வு இறுகும், கதவு திறக்கும், கால்சியம் உள்ளே போகும். அப்படிப்பட்ட ஒரு கதவு பியெசோ1. இதை 2010-இல் கண்டுபிடித்துச் சொன்னது ஆர்டெம் பட்டாபூட்டியனின் குழு. இந்தக் கதவு ரத்த ஓட்டத்தின் இழுப்பை உணர்கிறது என்று 2014-இல் காட்டினார்கள். தொடு உணர்வு ஆராய்ச்சிக்காக அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. வேறு சில புரதங்களும் இந்த வேலையில் பங்கெடுக்கின்றன. இழுப்பை உணர்ந்த செல் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கும். அது பக்கத்துத் தசையைத் தளர்த்தும். குழாய் விரியும். விரிந்தால் இழுப்பு குறையும். பழைய நிலைக்கு வரும். எஞ்சினில் கவர்னர் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறதே, அதே தத்துவம்! ரத்த ஓட்டம் இரண்டு மடங்கானாலும் விட்டம் 26 சதவீதம் கூடினால் போதும், இழுப்பு பழையபடி ஆகிவிடும். சுவர் இழுப்பு விட்டத்தின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதம் என்று பாய்சொய் விதியிலிருந்தே வருகிறது. நீங்களே போட்டுப் பாருங்கள். இந்த நைட்ரிக் ஆக்சைடு விஷயத்துக்கும் 1998-இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள்.

ஓட்டம் சீராக இருக்கும் இடத்தில் இந்தச் செல்கள், வெள்ளம் வடிந்த காவிரியில் கோரை ஒரே பக்கம் சாய்ந்து கிடப்பது போல, ஓட்டத்தின் திசையில் நீண்டு படுத்திருக்கும். ஆனால் குழாய் கிளை பிரியும் இடத்தைப் பாருங்கள். ஜேடர்பாளையத்தில் ராஜவாய்க்கால் பிரியும் இடத்தில் நுரையும் சருகும் சுற்றிச் சுற்றி வருவது போல அங்கே ஓட்டம் முன்னும் பின்னும் அலையும். இழுப்பு குறைவு, திசையும் நிலையில்லை. அந்த இடத்துச் செல்கள் ஒழுங்காகப் படுக்காது. நைட்ரிக் ஆக்சைடு குறையும். கொழுப்பு சுவருக்குள் நுழைய இடம் கிடைக்கும். வாய்க்காலில் குப்பை தானாகத் தேங்குவது போல அல்ல இது, காவல்காரன் அசந்ததால் திருடன் நுழைவது போல. அடைப்பு பெரும்பாலும் கிளைகளிலும் வளைவுகளிலும் வருவது இதனால்தான். சர்க்கரையும் உயர் ரத்த அழுத்தமும் பீடி சிகரெட்டும் இந்தக் காவல்காரனை இன்னும் பலவீனமாக்கும். அப்பா ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிப்பவர்.

பட்டி பூசிய கதை

அப்பாவுக்குக் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்ட் வைத்தார்கள். குழாயை விரித்துப் பிடிக்கும் சின்ன உலோக வலை அது. வலி போய்விட்டது. வந்தது புதுப் பிரச்சினை. மூன்றாம் மாதம் அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். உடம்புதான் நல்லாயிருக்கே, இதுக்கு எதுக்குக் காசைக் கரைக்கணும், அந்தக் காசு உன் செமஸ்டர் பீஸுக்கு ஆகும் சாமி என்றார். எனக்காகத்தான் நிறுத்தினார் என்று தெரிந்தபோது நெஞ்சு அடைத்தது எனக்கு. நான் டிப்ளமோவை விட்டுவிட்டு போர் வண்டிக்கு வேலைக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அம்மா ராத்திரி ஷிப்டும் சேர்த்துத் தறி ஓட்டியதால் படிப்பு நின்றுபோகவில்லை.

டாக்டர் ஏற்கெனவே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் ஆஸ்பத்திரி அவசரத்தில் கேட்டது அப்பா மனதில் ஏறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். அப்பா ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு லாரி பெயிண்டுக்கு நின்றது. நான் அதைக் காட்டிக் கேட்டேன், வெறும் தகரத்தில் நேராகப் பெயிண்ட் அடிப்பீங்களாப்பா என்று. பட்டி பூசி, தேய்த்து, பிரைமர் கொடுக்காமல் எப்படி நிற்கும் என்றார். உங்க நெஞ்சுக்குள்ள வெச்சிருக்கிற வலையும் இப்போ வெறும் தகரம்தான் என்றேன். அதன் மேல் உங்கள் உடம்பு தானாகவே ஒரு செல் கனத்துக்கு விரிப்பைப் பூசிக்கொண்டிருக்கிறது. அது முழுசாக மூடும்வரை, வெறும் உலோகத்தைப் பார்த்தால் ரத்தம் உறைந்துகொள்ளும். அதைத் தடுக்கத்தான் மாத்திரை. பட்டி காய்வதற்குள் வண்டியை மழையில் விடுவீங்களா?

அப்பா இழைப்புளியைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அன்று சாயங்காலமே என்னைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் வந்தார். நடுவில் நிறுத்தியதை ஒளிக்காமல் சொன்னார். இப்போது டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மாத்திரை தவறுவதில்லை. நடந்தால் ரத்த ஓட்டம் கூடும், இழுப்பு கூடும், உள்விரிப்பு சுறுசுறுப்பாகும் என்று சொன்னதிலிருந்து விடிகாலையில் ஏரிக்கரை வரை நடக்கிறார். பீடியை முழுசாக விட்டார் என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு கட்டு, இரண்டு பீடியாகியிருக்கிறது. அந்த இரண்டும் போகும்வரை நான் விடப்போவதில்லை.

நண்பர்களே! ஃபார்முலாவை மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு ஃபார்முலாவுக்குப் பின்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து ரீடிங் எடுத்திருக்கிறார். அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் படிப்பு. பாதியைப் படித்துவிட்டு நான் ஒரு ராத்திரி முழுக்கப் பயந்து செத்தேன். மீதியைப் படித்ததால் அப்பாவிடம் பேச முடிந்தது. அரியர் விழுந்துவிட்டது, வருஷம் போய்விட்டது என்று மனம் உடைந்திருக்கும் தோழர்களுக்கும் ஒன்று சொல்வேன். 18 வயதில் பாலிடெக்னிக்கை விட்டு வெளியேற்றப்பட்டவர் பெயரைத்தான் நாம் இன்று பாலிடெக்னிக்கில் படிக்கிறோம்.

பாய்சொய் கதையை முழுக்க அப்பாவுக்குச் சொன்னேன். நான்காம் படி, பாதரசம், தவளை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பையன் மருத்துவர் ஆனதைப் பார்க்க அவங்கப்பா, அந்தத் தச்சர், உயிரோட இருந்தாரா என்று கேட்டார். தெரியலீங்கப்பா என்றேன். இருந்திருப்பாரு கண்ணு என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடி இழைப்புளியை எடுத்தார்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்